பிளான் 200 எம்பிபிஎஸ், மாடி அறையில் 20: வேகத்தை விழுங்குவது பழைய ரவுட்டரா?

இரவு ஒன்பதரை மணி. முதலியார்பேட்டையில் கடலூர் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெரு. கீழே ஹாலில் அப்பா ஓடிடியில் படம் பார்க்கிறார். மாடி அறையில் மகனுக்கு ஆபீஸ் வீடியோ மீட்டிங். பேசத் தொடங்கிய இரண்டாவது நிமிடமே முகம் உறைந்து நிற்கிறது. "உங்க குரல் விட்டு விட்டு வருது" என்று எதிர்முனையில் சொல்கிறார்கள். மொபைல் டேட்டாவுக்கு மாறி எப்படியோ மீட்டிங்கை முடிக்கிறார்.

மறுநாள் கஸ்டமர் கேருக்கு போன் போடுகிறார். "சார், எங்க சைடுல ஸ்பீடு கரெக்டா வருது. வேணும்னா 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறிக்கங்க சார்" என்று பதில் வருகிறது. மாறுகிறார். மாத பில் ஏறுகிறது. மாடி அறையில் மட்டும் எதுவும் மாறவில்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் படிக்கிற உங்களில் பலருக்கு 'நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கே' என்று தோன்றியிருக்கும். 1898-ல் தொடங்கி 2020-ல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. மில் ஓடிய காலத்தில், மில் ஷிஃப்ட்தான் முதலியார்பேட்டையின் பல வீடுகளுக்குக் கடிகாரம். இப்போது சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு, லாகின் நேரம்தான் ஷிஃப்ட். அதனால் வீட்டு இணையம் என்பது பொழுதுபோக்குச் செலவு இல்லை. சம்பளத்தோடு தொடர்புள்ள விஷயம்.

அப்படியிருக்க, வேகம் குறைந்ததும் நாம் முதலில் சந்தேகப்படுவது இணைய நிறுவனத்தை. அடுத்து பிளானை. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கும் அந்தச் சின்ன ரவுட்டர் பெட்டியைக் கடைசியாகத்தான் பார்க்கிறோம். பல வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நீங்கள் பணம் கட்டும் வேகம் எதுவரை வருகிறது?

வீட்டு இணையத்தை இரண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். முதல் துண்டு, கம்பத்திலிருந்து உங்கள் வீட்டுக்குள் வரும் பைபர் கேபிள். இது ஓஎன்டி எனப்படும் பைபர் பெட்டியில் முடிகிறது. இரண்டாவது துண்டு, அந்தப் பெட்டியிலிருந்து உங்கள் போன், லேப்டாப், டிவி வரை காற்றில் போகும் வைஃபை.

நீங்கள் வாங்கும் 100 அல்லது 200 எம்பிபிஎஸ் என்பது முதல் துண்டின் வேகம். நீங்கள் அனுபவிப்பதோ இரண்டாவது துண்டின் வேகம். வீதிக்குப் பெரிய குழாய் போட்டாலும், வீட்டுக்குள் இருக்கும் குழாய் அரை இன்ச் என்றால் தண்ணீர் அந்த அளவுக்குத்தானே வரும்? அதே கதைதான்.

பைபர் வந்த வேகத்துக்கு வீட்டுப் பெட்டிகள் மாறவில்லை என்பதுதான் சிக்கல். 2004-ல் மத்திய அரசு வெளியிட்ட பிராட்பேண்ட் கொள்கைப்படி, 256 கேபிபிஎஸ் வந்தாலே அது 'பிராட்பேண்ட்'. 2023 ஜனவரியில் அந்தக் குறைந்தபட்ச அளவு 2 எம்பிபிஎஸ் ஆனது. விற்கப்படும் பிளான்களோ 100-ஐத் தாண்டி எங்கோ போய்விட்டன. பழைய டெலிபோன் லைன் காலத்தில் வாங்கிய ரவுட்டரை அப்படியே பைபரோடு இணைத்து வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

பழைய ரவுட்டர் எப்படி வேகத்தைத் தடுக்கிறது?

ஒன்று, தலைமுறை. 2003-ல் வந்த வைஃபை 'ஜி' தலைமுறையின் உச்ச வேகம் 54 எம்பிபிஎஸ். 2009-ல் 'என்' வந்தது. இன்று அதற்கு வைஃபை 4 என்று பெயர். 2013-ஐ ஒட்டி வைஃபை 5, 2019-ல் வைஃபை 6, 2024 தொடக்கத்தில் வைஃபை 7-க்கான சான்றளிப்பு என்று வரிசை நீள்கிறது. உங்கள் போன் புதிதாக இருந்தாலும், ரவுட்டர் வைஃபை 4 என்றால் இரண்டும் பழைய மொழியில்தான் பேசிக்கொள்ளும்.

இரண்டு, அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண். '300 எம்பிபிஎஸ்' என்று அச்சடித்திருப்பது ஆய்வகக் கணக்கு. வைஃபையில் ஒரே நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்க வேண்டும். பேசியது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யவும் நேரம் போகும். அந்த எண்ணில் பாதி கையில் கிடைத்தாலே நல்ல நாள். நெருக்கமான தெருவில் அதுவும் கிடைக்காது.

மூன்று, நெரிசல். பழைய, மலிவான ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில்தான் இயங்கும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில் உங்கள் போனில் வைஃபை லிஸ்ட்டைத் திறந்து பாருங்கள். பத்துப் பதினைந்து பெயர் வரும். அத்தனை பேரும் இந்த மூன்று பாதையில்தான் முட்டி மோதுகிறார்கள். புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசைப் பகுதிதான். எல்லோரும் வீடு திரும்பி டிவி போடும் நேரத்தில் உங்கள் மீட்டிங் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு மாற்று 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. பாதைகள் அதிகம், நெரிசல் குறைவு. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005-லேயே உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸிலோ கொஞ்சம் இடம்தான் இருந்தது. 2018 அக்டோபரில்தான் அது பெரிய அளவில், மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் வரை திறக்கப்பட்டது. அதற்கு முன் வாங்கிய மலிவு ரவுட்டர் உங்கள் வீட்டில் இருந்தால், அதில் 5 கிகாஹெர்ட்ஸ் இல்லாமல் இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு.

நான்கு, பலரும் கவனிக்காத லேன் போர்ட். பழைய ரவுட்டர்களில் கேபிள் செருகும் துளையின் உச்ச வேகமே 100 எம்பிபிஎஸ். அதில் கையில் வருவது சுமார் 95. நீங்கள் 200 பிளான் போட்டாலும் சரி, 500 போட்டாலும் சரி, அந்தத் துளையைத் தாண்டி அதற்கு மேல் வராது. நம் கதையில் பில் ஏறியும் வேகம் ஏறாததற்கு இப்படியும் ஒரு விளக்கம் உண்டு.

ஐந்து, பெட்டியின் வயது. ரவுட்டரும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். அப்பா, அம்மா, இரண்டு போன், டிவி, லேப்டாப், சிசிடிவி கேமரா என்று இணைப்புகள் கூடும்போது பழைய பிராசஸர் திணறும். அடாப்டர் பலவீனமானால் ரவுட்டர் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகும். 'அடிக்கடி நெட் கட் ஆகுது' என்ற புகாரில் சில நேரம் குற்றவாளி அந்த அடாப்டர்தான்.

பத்து நிமிட சோதனை

ஊகிக்க வேண்டாம், அளந்து பார்த்துவிடலாம். தேவை ஒரு லேப்டாப், ஒரு லேன் கேபிள், ஏதாவது ஒரு ஸ்பீடு டெஸ்ட் தளம். டிராய் 2016-ல் வெளியிட்ட 'மைஸ்பீடு' செயலியும் போனில் உதவும். சோதிக்கும்போது டிவி, டவுன்லோடு எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

முதல் சோதனை: லேப்டாப்பை லேன் கேபிள் வழியாக நேரடியாகப் பைபர் பெட்டியில் செருகி வேகத்தை எழுதிக்கொள்ளுங்கள். தனி ரவுட்டர் வைத்திருந்தால் பெட்டியின் செட்டிங்கைப் பொறுத்து இப்படி நேரடியாக இணையம் வராமல் போகலாம். அப்படியானால் டெக்னீஷியன் வரும்போது அவர் முன்னால் பார்த்துவிடலாம்.

இரண்டாவது சோதனை: ரவுட்டரிலிருந்து ஐந்தாறு அடி தூரத்தில் நின்று வைஃபையில் பாருங்கள்.

மூன்றாவது சோதனை: வழக்கமாக வேலை செய்யும் அறைக்குப் போய் அதே லேப்டாப்பில் பாருங்கள்.

மூன்றையும் காலையில் ஒரு முறை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறை எடுங்கள். இப்போது பதில் உங்கள் கையிலேயே இருக்கும்.

கேபிளிலேயே வேகம் குறைவு என்றால் பிரச்சனை பெரும்பாலும் லைனில். ரவுட்டர் மாற்றிப் பயனில்லை. கேபிளில் 200 பிளானுக்குச் சரியாக 95 அளவில் நின்றால், லைனைக் குறை சொல்லுமுன் 100 எம்பிபிஎஸ் போர்ட்டோ பழைய கேபிளோ காரணமா என்று பாருங்கள். லேப்டாப்பின் போர்ட்டும் அப்படி இருக்கலாம். கேபிளில் நல்ல வேகம், ரவுட்டர் பக்கத்தில் நின்றே குறைவு என்றால் சந்தேகம் நேராக ரவுட்டர் மேல். ரவுட்டர் பக்கத்தில் நல்ல வேகம், மாடி அறையில் மட்டும் குறைவு என்றால் அது சுவர், தூரம், பெட்டி வைத்த இடம் சார்ந்த பிரச்சனை.

ஒரு சின்னக் குழப்பம்: ஸ்பீடு டெஸ்ட் காட்டுவது மெகாபிட். ஃபைல் டவுன்லோடு காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு 12 மெகாபைட் வேகத்தில் ஃபைல் இறங்கினால், அது சரியான வேகம்தான். ஏமாற்று இல்லை.

பணம் செலவழிக்குமுன்

புது ரவுட்டருக்கு ஆர்டர் போடுமுன் இவற்றை முயன்று பாருங்க.

பெட்டியை இடம் மாற்றுங்கள். டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவுக்கு மேல், மீட்டர் பாக்ஸ் பக்கம் என்று வைப்பதுதான் நம் பழக்கம். உலோகமும் கான்கிரீட்டும் சிக்னலை நன்றாகவே தடுக்கும். வீட்டின் நடுப்பகுதியில், தோள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வையுங்கள். மாடி என்றால் படிக்கட்டுத் திறப்பு அருகே வைத்தால் வித்தியாசம் தெரியலாம்.

ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் உங்கள் லேப்டாப் 2.4-லேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதை மாற்றினாலே பாதிப் பிரச்சனை தீரும். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டுவதில் கொஞ்சம் பலவீனம். அதனால் தூரத்து அறைக்கு 2.4-தான் கைகொடுக்கும்.

2.4-ல் இருக்க வேண்டிய கட்டாயம் என்றால், சேனலை 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைந்த ஒன்றுக்கு மாற்றுங்கள். இலவச வைஃபை அனலைசர் செயலிகள் எது காலி என்று காட்டிவிடும்.

மீட்டிங் நேரத்தில் போன் போட்டோக்கள் கிளவுடுக்கு பேக்கப் ஆகிறதா என்று பாருங்கள். அப்லோடு நிரம்பினால் டவுன்லோடு எவ்வளவு இருந்தாலும் குரல் விட்டு விட்டுத்தான் போகும்.

நகராத கருவிகளுக்கு, அதாவது டிவிக்கும் மேஜை மேல் இருக்கும் லேப்டாப்புக்கும், கேபிள் இழுத்துவிடுங்கள். ஒரு தடவை செய்யும் வேலை. காற்றில் இருக்கும் கூட்டமும் குறையும்.

மாத்தியே ஆகணும்னா?

முதலில் கேட்க வேண்டியது இணைய நிறுவனத்திடம். பல நிறுவனங்களில் பெட்டி அவர்களுடையதுதான், உங்களிடம் இருப்பது தற்காலிகமாக. "அண்ணே, இது சிங்கிள் பேண்ட் பெட்டி. 200 பிளானுக்கு டூயல் பேண்ட் மாத்திக் கொடுப்பீங்களா?" என்று வருகிற லைன்மேனிடம் கேளுங்கள். முதல் சோதனையின் எண்களை அவரிடம் காட்டுங்கள். வெறுமனே 'ஸ்லோ' என்று சொல்வதற்கும், 'கேபிள்ல 195, வைஃபைல 30' என்று சொல்வதற்கும் கிடைக்கும் மரியாதையே வேறு.

சொந்தமாக வாங்குவதானால் மூன்று விஷயம் பார்த்தால் போதும்: டூயல் பேண்ட் இருக்கிறதா, லேன் போர்ட்கள் கிகாபிட்டா, வைஃபை 5 அல்லது 6-ஆ. 100, 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு இது தாராளம். வைஃபை 7 என்று கடைக்காரர் தூண்டில் போட்டால், உங்கள் போனும் லேப்டாப்பும் அதைப் பேசுமா என்று ஒரு தடவை பாருங்கள். அதன் முழுப் பலனுக்குத் தேவையான 6 கிகாஹெர்ட்ஸ் பாதையை இந்தியாவில் உரிமமின்றித் திறப்பதற்கான வரைவு விதிகளே 2025 மே மாதத்தில்தான் வந்தன. இரண்டு மாடி வீடு என்றால், விலை உயர்ந்த ஒரே பெட்டியைவிட, சாதாரணப் பெட்டியோடு மாடிக்குக் கேபிள் இழுத்து இன்னொன்றை வைப்பது நல்ல பலன் தரும்.

ஒரு கணக்கு: பெரிய பிளானுக்கு மாதம் 300 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 3,600 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. வருஷா வருஷம் போகும். ரவுட்டர் ஒரு தடவைச் செலவு.

வேகம் மட்டும்தான் பிரச்சனையா?

இல்லை. வேகம் குறைந்தால் உங்களுக்கே தெரியும். பாதுகாப்பு ஓட்டை விழுந்தால் தெரியாது.

2017 ஜூலையில் நாட்டின் பல பகுதிகளில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் மால்வேர் தாக்குதலுக்கு ஆளாயின. ஆயிரக்கணக்கான வீடுகளில் இணைப்பு துண்டானது. சிக்கியவை, தொழிற்சாலையில் வைத்த 'அட்மின்' பாஸ்வேர்டை மாற்றாமல் வைத்திருந்த மோடம்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று நிறுவனமே வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு இமெயில் வந்தது. ஐபி முகவரியைப் பின்தொடர்ந்த போலீஸ் போய் நின்றது நவி மும்பையில் ஒரு குடியிருப்பில். அங்கிருந்த பூட்டில்லாத வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். உங்கள் வைஃபையில் யார் என்ன செய்தாலும் முதலில் தட்டப்படுவது உங்கள் வீட்டுக் கதவுதான்.

2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ ஒரு எச்சரிக்கை விடுத்தது. தயாரிப்பாளர்கள் அப்டேட் தருவதை நிறுத்திவிட்ட பழைய ரவுட்டர்களைக் குற்றவாளிகள் கைப்பற்றி, தங்கள் தடயத்தை மறைக்கும் இடைவழியாக விற்கிறார்கள் என்றது. அப்படிப் பிடிபட்ட ரவுட்டர் பெரும்பாலும் வழக்கம்போலத்தான் வேலை செய்யும். கொஞ்சம் ஸ்லோவா இருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே இன்றே செய்ய வேண்டியவை: ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 முறையில் இருக்கிறதா பாருங்கள். டபிள்யூஇபி மட்டும்தான் இருக்கிறது என்றால் அந்தப் பெட்டியின் காலம் முடிந்துவிட்டது. மாடல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு, கடைசி அப்டேட் எந்த வருஷம் வந்தது என்று பாருங்கள். பல வருஷமாக எதுவும் இல்லை என்றால், வேகம் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவதே நல்லது.

அப்போ யார் பொறுப்பு?

இங்கேதான் வாடிக்கையாளர் நடுவில் மாட்டிக்கொள்கிறார். தொலைத்தொடர்பு சேவைகளின் தரத்துக்கு டிராய் விதிமுறைகள் இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் வெளியான புதிய விதிமுறைகள் பிராட்பேண்டுக்கும் பொருந்தும். லைனில் கோளாறு என்றால் புகார் எண் வாங்கலாம். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். ஆனால் பெட்டியைத் தாண்டியதும் "அது உங்க வீட்டு வைஃபை சார்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. ரவுட்டர் தயாரிப்பாளருக்கோ விற்றதோடு வேலை முடிந்தது.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. இணையத்தோடு இணையும் வீட்டுக் கருவிகளை, எளிதில் ஊகிக்கக்கூடிய பொது பாஸ்வேர்டோடு விற்கக் கூடாது. எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மருந்து அட்டையில் காலாவதித் தேதி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கடைகளில் ரவுட்டர் வாங்கும்போது ஆன்டெனா எத்தனை என்று கேட்கிறோம். அப்டேட் எதுவரை வரும் என்றும் கேட்கத் தொடங்கலாம். வாங்குபவர்கள் கேட்டால்தான் விற்பவர்கள் சொல்லப் பழகுவார்கள்.

அதேபோல, பெரிய பிளானை விற்கும் போனிலேயே "உங்க பெட்டி இந்த வேகத்தைத் தாங்குமா?" என்று நிறுவனம் ஒரு வரி கேட்டால் எத்தனையோ பேருக்குப் பணம் மிச்சம். அவர்கள் கேட்காதவரை, நாம்தான் அவர்களைக் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பழைய பெட்டியை மாற்றினால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அதில் உங்கள் வைஃபை பாஸ்வேர்டு இன்னும் இருக்கும். பின்னால் இருக்கும் ரீசெட் பட்டனை ஊசியால் பத்துப் பதினைந்து நொடி அழுத்தி எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெட்டி என்றால் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுடையது என்றால் மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

அடுத்த மாத பில் வருவதற்குள் அந்த மூன்று சோதனையை மட்டும் செய்து பாருங்க. பிளானை ஏற்றுவதா, பெட்டியை மாற்றுவதா, இல்லை பீரோ மேலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்தாலே போதுமா என்பது அப்போது தெரிந்துவிடும்.